ஒரு பேனலை வைத்து 15 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க முடியுமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் 6 பேர். குடிப்பதற்கு மட்டும் தினமும் 15 லிட்டர் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைக்கிறோம். மாமியாருக்கும் 8 மாதக் குழந்தைக்கும் குளிக்க வெந்நீர் வேண்டும். சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அண்ணன் வீட்டில் கழற்றிய 335 வாட் சோலார் பேனல் ஒன்று எங்கள் மாடியில் கிடக்கிறது. 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியும் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு மின்கெட்டிலை ஓட்டலாமா? இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் இதைவிடச் சிக்கனமான வழி உண்டா?"

கேள்வி கெட்டிலைப் பற்றியதாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு தேவைகள் இருக்கின்றன. ஒன்று, நோய் தராத குடிநீர். மற்றொன்று, உடம்புக்கு இதமான சூட்டில் குளிக்கும் நீர். இரண்டையும் "கொதிக்க வைப்பது" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டதால்தான் செலவு கூடித் தெரிகிறது. நான் ஐடிஐயில் மின்பணி படித்தவன். கீழக்கரைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 20 ஆண்டுகளுக்கு மேலாகச் சோலார் பேனலும் சோலார் வாட்டர் ஹீட்டரும் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். மருத்துவன் அல்லன். எனவே நீரின் சூடு, மின்சாரம், உப்பு ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். உடல்நலம் பற்றிய இடங்களில் எல்லோரும் ஒப்புக்கொண்டதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் கணக்கு. நம் ஊர்த் தொட்டித் தண்ணீர் 28 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒரு லிட்டரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 300 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரத்தில் சொன்னால் 0.084 யூனிட். 15 லிட்டருக்கு 1.25 யூனிட். எந்த அடுப்பை வாங்கினாலும், எந்தக் கருவியை மாட்டினாலும் இந்த எண் குறையாது. நாம் குறைக்கக்கூடியது வீணாவதை மட்டுமே. சமையல் எரிவாயுவில், காற்றடிக்கும் நம் சமையலறைகளில், லிட்டருக்குச் சுமார் 11 கிராம் செலவாகும். அப்படியென்றால் உங்கள் 15 லிட்டர் மாதத்துக்கு 5 கிலோ வாயுவைத் தின்கிறது. 14.2 கிலோ சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சிலிண்டர் சீக்கிரம் தீர்வதற்குக் காரணம் இதுதான்.

இனி பேனல். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்பது தொழிலில் நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. 335 வாட்டுக்கு 1.3 யூனிட் வரும். உங்களுக்கு வேண்டியது 1.25. இரண்டும் ஒட்டி வருவதைப் பார்த்தவுடன் "அப்படியானால் சரியாகப் போயிற்றே" என்று தோன்றும். அந்த இடத்தில்தான் பலர் பணத்தை இழந்திருக்கிறார்கள். நாள் முழுதும் சொட்டுச் சொட்டாகக் குடத்தில் சேரும் தண்ணீரும், ஒரே நேரத்தில் குடத்தைக் கவிழ்ப்பதும் ஒன்றல்ல. கெட்டில் கேட்பது 1500 வாட். பேனலோ நல்ல உச்சி வெயிலிலும் 335 வாட்டைத் தராது. வெயிலில் அதன் உடம்பு 60 டிகிரிக்குச் சுடும்போது உற்பத்தி எட்டில் ஒரு பங்கு குறைந்து, 290 வாட் அளவில்தான் நிற்கும். 900 விஏ இன்வெர்ட்டரும் 1500 வாட் பளுவைத் தாங்காது. கெட்டிலின் பொத்தானை அழுத்தியவுடன் அது தானாக நின்றுவிடும்.

பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் என்ன என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 1500 வாட் எடுக்க வேண்டுமென்றால் 125 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். உங்கள் பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் 150 என்பது 20 மணி நேரத்தில் நிதானமாக, 7.5 ஆம்பியராக இறக்கும்போது கிடைக்கும் அளவு. 125 ஆம்பியரில் இழுத்தால் அதில் பாதியளவு கிடைப்பதே கடினம். தகடுகள் சீக்கிரம் உதிரும். ஈய அமிலப் பேட்டரியில் போட்ட மின்சாரத்தில் 20 முதல் 30 விழுக்காடு திரும்பி வருவதும் இல்லை. வெயிலை மின்சாரமாக்கி, அதை வேதிப்பொருளாக்கி, மறுபடி மின்சாரமாக்கி, கடைசியில் சூடாக்குவது என்பது மூன்று தரகர்களைத் தாண்டிச் சந்தைக்குப் போகும் மீனைப் போன்றது. பேட்டரியை விளக்குக்கும் மின்விசிறிக்கும் விட்டுவிடுங்கள்.

பேட்டரியே வேண்டாம், பேனல் கம்பியை நேராகக் கெட்டிலில் மாட்டுகிறேன் என்று செய்து பார்த்தவர்களும் உண்டு. உச்சிப்புளியில் ஒரு வீட்டில் அப்படித்தான் என்னை அழைத்தார்கள். ஒரு மணி நேரமாகியும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தது. பேனல் கெட்டுவிட்டது என்றார்கள். பேனலில் குறையே இல்லை. 230 வோல்ட்டுக்குச் செய்த 1500 வாட் கெட்டிலின் சுருளுக்கு மின்தடை 35 ஓம். 40 வோல்ட்டைச் சுற்றி நிற்கும் பேனல் அதற்குள் ஒன்றேகால் ஆம்பியரைத்தான் தள்ளும். 335 வாட் பேனலிலிருந்து 60 வாட்கூட வெளியே வராது. உங்கள் பேனலுக்குப் பொருந்தும் சுருள் 4 ஓமுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். பேனல் தன் முழுத் திறனைத் தருவது 38 வோல்ட், 9 ஆம்பியர் அளவில்தான். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மேகம் மறைத்து வெயில் பாதியானால், நேராக மாட்டிய சுருளில் சூடு பாதியாகாது, கால்வாசியாகிவிடும். இடையில், வெயில் மாறினாலும் பேனலின் முழுத் திறனைக் கறந்து தரும் எம்.பி.பி.டி. கருவி ஒன்று இருந்தால் இந்த இழப்பு தவிரும். இதைவிட முக்கியமானது ஓர் ஆபத்து. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொட்டுவிட்டு வருவதால் சுவிட்சில் எழும் தீப்பொறி தானே அணைந்துவிடும். பேனலின் நேர்மின்சாரத்துக்கு அந்த இடைவெளி கிடையாது. கெட்டிலில் தண்ணீர் கொதித்ததும் உள்ளே இருக்கும் சிறிய சுவிட்ச் திறக்கும்போது பொறி நின்று எரியும். சுவிட்ச் உருகி ஒட்டிக்கொள்ளும், கெட்டில் வற்றிய பிறகும் சுட்டுக்கொண்டே இருக்கும். நேர்மின்சாரத்துக்கென்றே செய்த சுவிட்சும் ஃபியூஸும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். குழந்தை தவழும் வீடு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கருவிகளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுத் தண்ணீருக்கு வருகிறேன். குடிநீரைப் பாதுகாப்பாக்க 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, நன்கு கொப்பளித்துக் கொதி வந்ததும் இறக்கித் தானாக ஆற விட்டால் போதும் என்பதே. பெரிய தீயில் 10 நிமிடம் கூடுதலாகக் கொதிக்க விட்டால், இன்னொரு 3 லிட்டரைக் கொதி நிலைக்குக் கொண்டுவந்திருக்கக்கூடிய வெப்பம் ஆவியாகப் பறந்துவிடுகிறது. இதை இன்றைக்கே நிறுத்தலாம். மூடியைப் போடுங்கள். தீ பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நக்காமல் குறைத்து வையுங்கள். சன்னல் காற்று அடுப்பில் படாமல் ஒரு தகட்டைச் சாத்துங்கள். எந்தப் பேனலும் இல்லாமலேயே சிலிண்டர் சில நாள் கூட வரும்.

அடுத்தது இன்னும் பெரியது. வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு, மஞ்சள்காமாலை ஆகியவற்றைத் தண்ணீர் வழியே கொண்டுவரும் கிருமிகள் சாக 100 டிகிரி தேவையில்லை. பாலைப் பதப்படுத்தும் நிலையங்களில் 72 டிகிரியில் 15 நொடிதான் வைக்கிறார்கள். தண்ணீரை 70 டிகிரிக்குக் கொண்டுவந்து 10 நிமிடம் அப்படியே நிற்க வைத்தால் போதுமானதற்கும் மேல். 28லிருந்து 70க்குப் போவதற்கான வெப்பம், 100க்குப் போவதற்கானதில் 60 விழுக்காடுகூட இல்லை. சூரிய அடுப்புக்கு இது பெரிய சலுகை. சூடு ஏற ஏற வெளியே கசிவதும் கூடும் என்பதால் கடைசி 30 டிகிரிதான் அதிக நேரத்தை விழுங்கும். கொதிப்பதைக் கண்ணால் பார்க்கலாம், 70 டிகிரியைப் பார்க்க முடியாது என்பதுதான் இதில் சங்கடம். ஆகவே கம்பி வைத்த சமையல் வெப்பமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். கை வைத்துப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். கையை இழுத்துக்கொள்ள வைக்கும் சூடு 50 டிகிரியைத் தாண்டியதும் வந்துவிடும்.

இந்த இடத்தில் நம் கடற்கரைக்கென்று ஓர் எச்சரிக்கை. கொதிக்க வைப்பது உப்பை எடுக்காது. நீர் ஆவியாகி உப்பு மிஞ்சுவதால் சிறிது கூடவே செய்யும். காவிரிக் கூட்டுக் குடிநீரோ, மணலில் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் மொண்டெடுத்த நல்ல தண்ணீரோ, ஊருணி நீரோ என்றால் காய்ச்சுவதற்குப் பொருள் உண்டு. ஊருணி நீர் கலங்கலாக இருந்தால் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைத்துப் பிறகு காய்ச்சுங்கள். கரித்த போர் தண்ணீரை எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் அது குடிநீராகாது. வயலுரமும் கழிவும் கலந்த ரசாயனமும் அப்படியே இருக்கும். பால்பொடி கரைப்பதாக இருந்தால் 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கரைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழந்தைக்கான அந்த ஒரு லிட்டரை மட்டும் எப்போதும்போல் அடுப்பிலேயே கொதிக்க வைத்துப் பிளாஸ்கில் ஊற்றுங்கள். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மீதி 14 லிட்டருக்கு என் பரிந்துரை கண்ணாடி மூடிய சூரியப் பெட்டிதான். கருவாடு காயப்போடும் ஊருக்கு வெயிலின் வலிமையை நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை முதல் நாள் நண்பகலில் நம் இராமநாதபுரம் கரையில் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி ஒரு முறை உச்சிக்கு வரும். மார்கழியிலும் நண்பகலில் 57 டிகிரி உயரத்துக்குக் கீழே இறங்காது. எனவே படுக்கையாக வைத்த கண்ணாடிப் பெட்டி இங்கே ஆண்டின் பெரும்பகுதி நன்றாக வேலை செய்யும். வடநாட்டில் செய்வது போல அதைச் சாய்த்துச் சாய்த்துத் திருப்ப வேண்டியதில்லை. கடையில் விற்கும் அரை மீட்டர்ச் சதுரப் பெட்டி நல்ல வெயிலில் 3 லிட்டரை 70 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 2 மணி நேரம் எடுக்கும். காலை 9 மணிக்குத் தொடங்கினால் மூன்று ஈடு எடுக்கலாம். 14 லிட்டரும் வேண்டுமென்றால் அதைப்போல இரண்டு மடங்கு பரப்பில் உள்ளூர்த் தச்சரிடமே செய்துகொள்ளுங்கள். மேலே 4 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு, நடுவே ஒரு விரல் இடைவெளி. உள்ளே மங்கலான கறுப்பு பூசிய தகடு. சுற்றிலும் நான்கு விரல் கனத்துக்கு உலர்ந்த தேங்காய் நாரோ, திருவாடானைப் பக்கத்து ஆலைகளில் கிடைக்கும் உமியோ அடைக்கலாம். தெர்மகோலைத் தகட்டை ஒட்டி வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் சுருங்கி உருகிவிடும். பாத்திரம் வெளிப்புறம் கறுப்பு பூசிய எவர்சில்வராக, அகலமாக, உயரம் குறைவாக, மூடியோடு இருக்கட்டும். அடுக்கி வைத்த நான்கு உயரச் செம்புகளைவிட இரண்டு தட்டையான பாத்திரங்கள் சீக்கிரம் சுடும்.

குடை போன்ற குவியாடி அடுப்பைப் பலர் கேட்கிறார்கள். 1.4 மீட்டர் விட்டமுள்ளது எஸ்.கே.-14 என்று பெயர் பெற்றது. நல்ல வெயிலில் 600 வாட் அளவு தரும். 3 லிட்டரை அரை மணியில் உண்மையாகவே கொதிக்க வைக்கும். திறனில் பெட்டி அதன் அருகே நிற்க முடியாது. ஆனாலும் உங்கள் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். குவியும் ஒளி கண்ணைப் பறிக்கும், ஆளில்லாத நேரத்தில் துணியைப் பற்றவைக்கும். எல்லாவற்றுக்கும் மேல், காற்று கூடினால் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைக்கும் பாம்பனுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஆடி மாதக் கச்சான் காற்றில் இந்தக் குடை ஒரு பாய்மரம். பாம்பனில் நான் பொருத்திய ஒன்று இரண்டாம் மாதமே மாடிச் சுவரில் மோதி வளைந்தது. மண்மூட்டை வைத்துக் கட்டச் சொல்லியிருந்தேன், அது போதவில்லை. உள்நாட்டில், முதுகுளத்தூர்ப் பக்கம், வெட்டவெளியில் கட்டிய தளத்தில் அதே அடுப்பு நன்றாக ஓடுகிறது.

குளியலுக்கு வருவோம். இருவருக்கு 30 லிட்டர் நீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட் வெப்பம்கூட வேண்டாம். அண்டாவில் தண்ணீர் நிரப்பி வெயிலில் வைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டிய நம் பாட்டிமார் செய்ததுதான் இதற்கு முறையான தீர்வு. அண்டாவுக்கு வெளியே கறுப்புப் பூசி, மேலே ஒரு கண்ணாடித் துண்டை மூடி, தரையிலிருந்து ஒரு பலகைமேல் தூக்கி வைத்தால் நண்பகலுக்குள் தயாராகிவிடும். குளிப்பாட்டும் நேரத்தைப் பகல் 12 மணிக்கு மாற்ற முடியுமா என்பது ஒன்றுதான் கேள்வி. மாமியார் விடியற்காலையில்தான் குளிப்பேன் என்றால் இரவெல்லாம் சூட்டைக் காக்கும் தொட்டியோடு கூடிய சோலார் வாட்டர் ஹீட்டர் வேண்டும். 2 சதுர மீட்டர் பரப்புள்ள ஒன்று 100 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவரும். அது 3.7 யூனிட் வெப்பம். ஏறத்தாழ அதே பரப்புள்ள உங்கள் பேனல் தருவது 1.3 யூனிட் மின்சாரம். வெயிலைச் சூடாகவே எடுத்துக்கொள்வதற்கும் சுற்றிவளைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அந்த 60 டிகிரி நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம். நாள்கணக்கில் தொட்டியில் நின்ற வெந்நீரில் உலோகம் கரைந்திருக்கலாம், கிருமியும் தங்கியிருக்கலாம்.

வாங்கும் முன் உங்கள் மாடித் தொட்டிக்கு எந்தத் தண்ணீர் ஏறுகிறது என்று பாருங்கள். போர் தண்ணீர் என்றால் கண்ணாடிக் குழாய் வகை வேண்டாம் என்பது என் அனுபவம். கீழக்கரைப் பக்கம் 14 மாதத்தில் குழாய்களின் உள்ளே விரல் கனத்துக்கு வெள்ளைப் படிவு கட்டி, தண்ணீர் சுழல வழியில்லாமல் போன கருவியைக் கழற்றியிருக்கிறேன். அதே தெருவில் அடுத்த வீட்டில் காவிரி நீர் ஏற்றியவரின் கருவி ஒன்பதாம் ஆண்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. உப்பு நீருக்கு வெப்பமாற்றி வைத்த தட்டை வகை வேண்டும். அதில் வெயிலில் சுழலும் நீர் வேறு, நாம் குளிக்கும் நீர் வேறு. தொட்டி அரிக்காமல் இருக்கத் தான் கரைந்து காக்கும் மெக்னீசியக் கம்பி உள்ளே இருக்கும், அதை ஆண்டுக்கு ஒரு முறை பார்த்து, கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். உப்புக்காற்று வெளியிலிருந்தும் அரிக்கும். தாங்குசட்டத்துக்குச் சாதாரண இரும்பில் பெயிண்ட் அடித்துத் தந்தால் திருப்பி அனுப்புங்கள். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டமும் எவர்சில்வர் போல்ட்டும் கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை பிடித்துக்கொள்ளும்போது மேற்சொன்ன எதுவும் முழுதாக நடக்காது. அந்த நாட்களுக்கு அடுப்போ மின்சாரமோ இருந்தே ஆக வேண்டும். எத்தனை நாள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். மின்கெட்டிலின் திறன் 85 விழுக்காட்டுக்கு மேல் என்பதால் மின்வாரிய மின்சாரத்தில் 15 லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை நினைத்து ஆண்டு முழுதும் அப்படிச் செய்தால் அந்த இலவசத்தில் பெரும்பகுதியைத் தண்ணீரே குடித்துவிடும். மழை நாட்களுக்கு மட்டும் என்றால் நல்ல வழிதான். வீட்டில் மொத்த மின்கட்டணமே அதிகம், சமையலையும் இண்டக்‌ஷனுக்கு மாற்ற எண்ணம் என்றால், மின்வாரிய இணைப்போடு கூரையில் பேனல் அமைப்பதை யோசிக்கலாம். 2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம் வகுத்தார்கள். விண்ணப்பிக்கும் நாளில் உள்ள நிலையை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த அமைப்பில் பேட்டரி இல்லை. கெட்டில் கேட்கும் 1500 வாட்டில் பேனலால் தர முடியாததை மின்கம்பி தந்துவிடும். நான் மேலே சொன்ன சிக்கல் அங்கே எழாது. ஆனால் 15 லிட்டர் தண்ணீருக்காக மட்டும் அவ்வளவு பெரிய செலவில் இறங்குவதை நான் ஏற்கவில்லை.

கையில் இருக்கும் 335 வாட் பேனலை வீணாக்க வேண்டாம். தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வில் நிறுத்தி, தகுந்த சார்ஜ் கன்ட்ரோலர் வழியாக உங்கள் பேட்டரிக்குக் கொடுங்கள். பகலிலும் மின்வெட்டிலும் விசிறியும் விளக்கும் அதில் ஓடட்டும். மாதம் இருமுறை காலை வெயில் ஏறும் முன் உப்புப் படலத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்த உப்பு மேலும் ஒட்டும். குடிநீருக்குப் பெட்டியை முதலில் ஒன்று மட்டும் செய்து, வெப்பமானியை வைத்து ஒரு வாரம் நேரத்தையும் சூட்டையும் குறித்துப் பாருங்கள். 12 மணிக்குள் 70 டிகிரியைத் தொடவில்லை என்றால் கசிவு பெரும்பாலும் கண்ணாடி விளிம்பில் இருக்கும். அங்கே ரப்பர் பட்டை ஒட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

வாட்டர் ஹீட்டர் வேண்டுமென்று முடிவு செய்தால் மூன்று விவரங்களை எழுதுங்கள்: மாடித் தொட்டி நீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின்) அளவு, மாடிக்குத் தெற்கே தென்னை நிழல் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை விழுகிறது, தொட்டியின் அடி மாடித் தளத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது. அவற்றைப் பார்த்துவிட்டு எந்த வகை, எத்தனை லிட்டர் என்று சொல்கிறேன்.